பாதம் குளிராமலும் நனையாமலும்: குளிர்காலச் சைக்கிளோட்டம் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

பனிக்காலம் வந்தாலும் சைக்கிளை மூலையில் சாத்தி வைக்காதவர்களிடமிருந்து சென்ற இதழில் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கையுறை பற்றி இரண்டும் விளக்கு பற்றி ஒன்றும் இருந்தன. மற்றவை எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் கால்விரல்களைப் பற்றியே பேசின. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கங்கள் முழுவதையும் பாதங்களுக்கும் அவற்றுக்கு ஏற்ற பூட்ஸ்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு, மைனஸ் 20 பாகை வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த விலையுயர்ந்த சைக்கிள் பூட்ஸ் ஒன்றை வாங்கினேன். கோடையில் அணியும் சப்பாத்தின் அளவான 42 தான் எடுத்தேன். உள்ளே தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி அணிகிறேன். அப்படியிருந்தும் வெறும் மைனஸ் 5 பாகையில், அரை மணி நேரம் ஓடியதும் விரல்கள் மரத்துப்போகின்றன. இதைவிடத் தடித்த பூட்ஸ் வாங்க வேண்டுமா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கோடைச் சப்பாத்தின் அதே அளவு, அதற்குள் இரண்டு சோடித் தடித்த காலுறை. பூட்ஸுக்குள் இடம் போதாததால்தான் உங்கள் கால் குளிர்கிறது.

எந்தப் பூட்ஸும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் அனுப்பும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வெப்பம் பாதத்துக்கு வந்து சேர்வது இரத்தத்தின் வழியாக. கால்விரல்களில் வெப்பத்தைப் பிறப்பிக்கக்கூடிய தசை ஏறக்குறைய இல்லை; எலும்பும் தசைநாண்களும் தோலும்தான் இருக்கின்றன. நடக்கும்போது பாதம் மடங்கி நிமிர்வதால் அங்கே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிள் மிதிக்கும்போதோ தொடையும் கெண்டைக்காலும் உழைக்க, பாதம் ஒரு பலகையைப் போல அசையாமல் பெடலின் மேல் கிடக்கிறது. போதாததற்கு, குளிர் கூடும்போது உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்காக உடலே கைகால் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. இந்த நிலையில் இரண்டு காலுறைகளைத் திணித்து நாடாவையும் இறுக்கிக் கட்டினால், மிஞ்சியிருக்கும் கொஞ்ச இரத்த ஓட்டத்தையும் நாமே தடுத்துவிடுகிறோம்.

இறுக்கத்தினால் வரும் கேடு இரத்த ஓட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. கம்பளி கதகதப்பாக இருப்பதற்கு அதன் இழைகளுக்கிடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்றே காரணம். பூட்ஸின் உள்சுவர் காலுறையை நசுக்கும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. இரண்டாவது காலுறையைப் போட்டதும் கால் முன்னைவிட அதிகமாகக் குளிர்கிறது என்று பலர் வியப்போடு எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை.

எனது முதற் குளிர்காலத்தில் எனக்கும் இதுவே நேர்ந்தது. சைக்கிள் சப்பாத்து என்றால் காலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். கோடைக்கு அது சரியான அறிவுரை. அதைப் பனிக்காலத்துக்கும் அப்படியே எடுத்துக்கொண்டு, ரொறன்ரோவின் டொன் ஆற்றங்கரைப் பாதையில் பாதி வழியில் இறங்கி, விரல்களுக்கு உணர்வு திரும்பும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த காலைகள் பல. மறு ஆண்டு வாங்கிய பூட்ஸ் முதலாவதைவிட மெல்லியது, விலையும் குறைவு. ஆனால் ஓர் அளவு பெரியது. அதோடு நடைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர் மட்டுமே. எனவே 42 அணிபவர் குளிர்காலத்துக்கு 43 அல்லது 44 எடுப்பது மிகையல்ல. கடைக்கு மாலையில் போங்கள்; நாள் முழுதும் நின்று நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓட்டத்தின்போது அணியப்போகும் அதே காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் பூட்ஸின் இன்சோலை, அதாவது உள்ளே பாதத்தின் கீழ் கிடக்கும் கழற்றக்கூடிய அட்டையை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து, காலுறையணிந்த காலோடு அதன் மேல் நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் பாதம் இன்சோலைத் தாண்டி வழியக் கூடாது. பிறகு பூட்ஸை அணிந்து கட்டிக்கொண்டு, ஐந்து விரல்களையும் தாராளமாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியாவிட்டால், அது எத்தனை பாகை தாங்கும் என்று எழுதியிருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குதிக்கால் சற்று எழும்பினால் பாதகமில்லை. மிதிக்கும்போது அது பெரிதாக இடைஞ்சல் செய்யாது.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்களில் பலர் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, பாதத்தின் முன்பகுதி அகன்றிருக்கும். சைக்கிள் சப்பாத்து செய்யும் நிறுவனங்கள் சிலவற்றின் அச்சு மிகவும் ஒடுங்கியது. அகலமான அச்சிலும் பூட்ஸ் செய்யும் நிறுவனங்களுள் லேக் நன்கு அறியப்பட்டது. அளவை மட்டும் கூட்டி நீளத்தை வீணாக்காமல், அகலத்தைத் தனியாகக் கேட்டு வாங்க முடிவது பெரிய வசதி.

பெட்டியில் உள்ள பாகைக் கணக்கை ஒரு நிறுவனத்தின் இரண்டு பூட்ஸ்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே சோதனை முறை என்று எதுவும் இல்லை. ஒருவருடைய இரத்த ஓட்டமும் இன்னொருவருடையதும் ஒன்றல்ல. இருபது நிமிட ஓட்டமும் இரண்டு மணி நேர ஓட்டமும் ஒன்றல்ல.

இப்போது கையில் இருக்கும் பூட்ஸுக்கு வருவோம். இரண்டு சோடியையும் விட்டுவிட்டு, நடுத்தரத் தடிப்புள்ள மெரினோ கம்பளிக் காலுறை ஒரே ஒரு சோடியை அணிந்து, நாடாவை முன்பாதத்தில் தளர்வாகவும் கணுக்காலில் மட்டும் பிடிப்பாகவும் கட்டிக்கொண்டு ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். கெண்டைக்காலையும் முழங்காலையும் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். பாதத்துக்குப் போகும் இரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. இவற்றால் பயன் இல்லையென்றால், வீட்டில் சிறிய கால் உடைய ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு 44 வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் உறைபனி குறைவு. ஜனவரியிலும் பகலில் 7, 8 பாகை இருக்கும். ஆனால் மழை விடாது. கோர்டெக்ஸ் உள்ளுறை கொண்ட பூட்ஸ் அணிந்தும் அலுவலகம் போய்ச் சேரும்போது காலுறையைப் பிழிய வேண்டியிருக்கிறது. நான் வாங்கியது போலியா?
— வாசகி, ஹரோ, இலண்டன்

பதில்: அநேகமாக அது நல்ல பூட்ஸாகவே இருக்கும். கோர்டெக்ஸ் என்பது 1969 இல் பொப் கோர் கண்டறிந்த முறைப்படி, டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென இழுத்து விரித்து உண்டாக்கும் மெல்லிய சவ்வு. அதன் நுண்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய அளவுக்குப் பெரியவை. அந்தச் சவ்வைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சைக்கிள் ஓட்டுபவரின் பூட்ஸில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் மேலே உள்ள வாய் வழியாக. மழை காற்சட்டையில் பட்டு, முழங்காலிலிருந்து வழிந்து, கணுக்காலில் இறங்கி, காலுறையைத் திரிபோலப் பற்றிக்கொண்டு பாதத்துக்குப் போகிறது. உள்ளே போன தண்ணீரை அதே சவ்வு வெளியேயும் விடாது. வாளியில் காலை வைத்ததுபோலத்தான்.

ஆகவே மழைக் காற்சட்டையின் கீழ்விளிம்பு எப்போதும் பூட்ஸின் கழுத்துக்கு வெளியே, அதை மூடியபடி தொங்க வேண்டும். பலர் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகிக்கொள்கிறார்கள். அது கூரைத் தகரத்தைத் தலைகீழாக அடுக்குவதற்கு ஒப்பானது. கணுக்காலுக்கு மேலே நன்றாக ஏறும் கழுத்தும், அங்கே நியோபிரீன் என்னும் நெகிழும் நுரை ரப்பராலான பட்டி ஒன்றும் உள்ள பூட்ஸாகப் பார்த்து எடுங்கள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டான கிளீற்றைப் பொருத்தும் துளைகள் அடியில் இருந்தால், உள்ளே இன்சோலைத் தூக்கிவிட்டு அந்தத் துளைகளின் மேல் தண்ணீர் புகாத ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். பள்ளத்தில் நிற்கும் நீர் அந்த வழியாகவும் ஏறும்.

பூட்ஸைவிட முக்கியமான ஒன்று உங்கள் சைக்கிளிலேயே இருக்கிறது. அல்லது இல்லாமல் இருக்கிறது. முன் மட்காட் எந்த அளவு கீழே இறங்கி வருகிறது என்று பாருங்கள். மழை நின்ற பிறகும் வீதி ஈரமாகவே இருக்கும். முன்சில்லு அந்த அழுக்கு நீரை அள்ளி நேராக உங்கள் கால்விரல்களின் மேல் வீசுகிறது. மட்காட்டின் நுனியில் நிலத்திலிருந்து நான்கைந்து விரல் உயரம் வரை தொங்கும் ரப்பர் மடல் ஒன்றைப் பொருத்தினால் பாதம் நனைவது பாதிக்கு மேல் குறையும். வாங்கக் கிடைக்காவிட்டால், வெட்டியெடுத்த ஒரு பிளாஸ்ரிக் துண்டும் இரண்டு ஆணிகளும் போதும். நூற்றைம்பது பவுண் பூட்ஸ் வாங்குவதற்கு முன்னர் எல்லோரும் செய்ய வேண்டியது இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலண்டன் மழைக்கு உரோமம் வைத்த தடித்த பூட்ஸ் தேவையே இல்லை. அது ஒருமுறை நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. உங்கள் சாதாரணச் சப்பாத்தின் மேல் இழுத்துப் போடும் நியோபிரீன் மேலுறை பலருக்குப் போதுமானது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகையால் 5 பாகை மழையில் நனைந்த கால், மைனஸ் 10 பாகையில் உலர்ந்திருக்கும் காலைவிட மோசமாகக் குளிரும். ஈரக் குளிரும் உலர் குளிரும் இரு வேறு பகைகள், இரண்டுக்கும் ஒரே பூட்ஸைத் தேடாதீர்கள்.

கேள்வி: பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீற் வைத்த குளிர்காலப் பூட்ஸ் வாங்குவதா, தட்டைப் பெடலைப் போட்டு வழக்கமான பனி பூட்ஸோடு ஓடுவதா? மைனஸ் 15 வரை போகும் நாட்களில் கூட வேலைக்குச் சைக்கிளிலேயே போகிறேன். ஒரு வழிக்கு எட்டு கிலோமீற்றர்.
— வாசகர், ஒஸ்லோ

பதில்: எட்டு கிலோமீற்றருக்குத் தட்டைப் பெடலும் நல்ல பனி பூட்ஸும் என்பதே என் தெரிவு. முதலாவது குளிர்காலச் சைக்கிளோட்ட மாநாடு 2013 இல் நடைபெற்ற பின்லாந்தின் ஔலு நகரத்தில், பனியில் சைக்கிளில் பாடசாலைக்கும் கடைக்கும் போகிறவர்கள் சைக்கிளுக்கென்று தனிப் பூட்ஸ் வாங்கிக்கொள்வதில்லை. நடக்கப் போடும் பூட்ஸோடு ஏறி ஓடுகிறார்கள்.

கிளீற் என்பது சப்பாத்தின் அடியில் திருகிப் பூட்டிய உலோகத் துண்டு. அதைத் தாங்க அடிப்பகுதிக்குள் இன்னொரு உலோகத் தகடு இருக்கும். வெளியே உலோகப் பெடல், அதன் மேல் கிளீற், அதன் மேல் தகடு, அதன் மேல் மெல்லிய இன்சோல், அதன் மேல் உங்கள் முன்பாதம். குளிர் ஏறி வருவதற்கு இதைவிட நேரான படிக்கட்டு வேண்டியதில்லை. கிளீற் இல்லாமல் ஓடுவதானால் அடியில் அதற்கான துளைகளை மறைக்கும் மூடியைக் கழற்றாதீர்கள். தட்டைப் பெடலிலும் உலோகத்தைவிட நைலோன் உடலுள்ளது மேலானது. பெடலைப் பிடிக்கும் சிறு முட்கள் மட்டும் உலோகமாக இருந்தால் போதும். தட்டைப் பெடலில் இன்னொரு நன்மையும் உண்டு: பாதத்தை அடிக்கடி இடம் மாற்றி வைக்கலாம், வழுக்கினால் உடனே காலை ஊன்றலாம்.

வாங்கும் முன் பூட்ஸின் அகலத்தைச் சைக்கிளோடு வைத்துப் பாருங்கள். மிகவும் பருத்த பூட்ஸின் உட்புறம் பெடல் தண்டில் உரசும், குதிக்கால் பின்சட்டத்தில் இடிக்கும்.

நீண்ட தூரம், காட்டுப்பாதை, வேகமான ஓட்டம் என்று போகிறவர்களுக்குக் கிளீற் பூட்ஸின் பயன் உண்மையானது. அவர்கள் இரண்டு திருகாணிகளால் பூட்டும் எஸ்.பி.டி. வகையையே எடுக்கட்டும். கோடைப் பந்தயச் சப்பாத்தில் வரும் மூன்று திருகாணிக் கிளீற் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பனியில் நடக்க ஆகாது. ஷிமானோவின் எம்.டபிள்யூ. வரிசை ஈரக் குளிருக்கும், அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த 45 நார்த் நிறுவனத்தின் கனத்த பூட்ஸ்கள் கடும் உறைகுளிருக்கும் பொருந்துவன. அவற்றிலும் உள்ளே வருகின்ற இன்சோலை எடுத்துவிட்டு, இடம் இருந்தால் மட்டும், தடித்த கம்பளி நமுதாவினால் (இழைகளை அழுத்திச் செறிவாக்கிய துணியால்) ஆன ஒன்றைப் போடுங்கள். நாடா, திருகுக் குமிழ், ஒட்டுப்பட்டி ஆகிய மூன்றில் நான் நாடாவை விரும்புகிறேன். குமிழுக்குள் உப்பும் பனியும் உறைந்தால் தடித்த கையுறையோடு அதைத் திருப்புவது கடினம். நாடா அறுந்தால் கையில் கிடைக்கும் எந்தக் கயிற்றையும் கோத்துக் கட்டிவிடலாம்.

கேள்வி: காலுறையின் மேல் பொலித்தீன் பை போட்டுக்கொண்டால் கால் குளிராது என்று நண்பர் சொல்கிறார். நான் பிக்ஸி வாடகைச் சைக்கிளில் போய்வருகிறேன். இது பயன் தருமா?
— வாசகி, மொன்றியல்

பதில்: தரும், ஆனால் பை எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மெல்லிய காலுறை முதலில், அதன் மேல் பை, அதன் மேல் தடித்த கம்பளிக் காலுறை என்ற வரிசையில் அணிந்தால், பாதத்தின் வியர்வை தடித்த காலுறையையும் பூட்ஸின் உள்ளுறையையும் ஈரமாக்காமல் பையோடு நின்றுவிடும். மெல்லிய காலுறை மட்டும் ஈரமாகும். சேர்ந்த இடத்தில் அதை மாற்றிவிடலாம். பையைத் தடித்த காலுறைக்கு வெளியே போட்டால் வெளி ஈரத்தைத் தடுக்கும், உள்வியர்வை முழுவதையும் கம்பளியே குடிக்கும். அரை மணி நேர ஓட்டத்துக்கு அது பரவாயில்லை, அதற்கு மேல் கூடாது. பை கசங்கி மடிந்து விரல்களை நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 இறுதியில் பிக்ஸியின் குளிர்காலச் சேவை தொடங்கியது முதல் உங்களைப் போலப் பலர் எழுதுகிறார்கள். அந்தச் சைக்கிள்களில் இருப்பது தட்டைப் பெடல்தான் என்பதால் உங்களுடைய நடக்கும் பூட்ஸே போதும்.

கேள்வி: அண்ணா, நான் படிப்புக்காக வந்து இது முதலாவது குளிர்காலம். மாலையில் மின்சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான்கைந்து மணி நேரம் வெளியே. சாதாரண ஓட்டச் சப்பாத்து போட்டுக்கொண்டு போய் இரவில் கால்விரல் எரிகிறது. அதிக காசு செலவழிக்க முடியாது. என்ன வாங்கலாம்?
— மாணவர், ரொறன்ரோ

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். ஓட்டச் சப்பாத்தின் மேற்புறம் வலைத்துணி. காற்று நுழைந்து வியர்வையைக் காய வைப்பதற்கென்றே அப்படிச் செய்கிறார்கள். கனடாவின் காற்றுக்குளிர் அட்டவணைப்படி, மைனஸ் 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றுப் பட்டால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 18 ஆகும். காற்றே வீசாத நாளிலும் உங்கள் சைக்கிளின் வேகம் அந்தக் காற்றை உண்டாக்கிவிடுகிறது. வலைத்துணிக்குள் இருக்கும் விரல் ஏறத்தாழத் திறந்த தோலைப் போலத்தான். மின்சைக்கிளில் மோட்டாரும் பாதி வேலையைச் செய்துவிடுவதால், மிதிப்பவரின் உடலில் பிறக்கும் சூடும் உங்களுக்குக் குறைவு.

நீங்கள் தேட வேண்டியது, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய நமுதா உறையும் அடியில் ரப்பரும் உள்ள சாதாரணப் பனி பூட்ஸ். கமிக், பஃபின் போன்ற கனடிய நிறுவனங்கள் இவற்றை நெடுங்காலமாகச் செய்கின்றன. பழைய பொருட் கடைகளில் நல்ல நிலையில் உள்ளவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். ரப்பரில் வெடிப்பு இல்லையா, உள்ளுறை கிழியவில்லையா என்று மட்டும் பாருங்கள். உறையைக் கழற்ற முடிவது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் உணவகத்தின் சூட்டில் காத்திருந்து வியர்த்து, அப்படியே வெளியே போகிறீர்கள். அந்த ஈரம் இரவோடு இரவாகக் காயாவிட்டால் மறுநாள் ஈரப் பூட்ஸிலேயே தொடங்க வேண்டும். உணவகத்தில் காத்திருக்கும்போது பூட்ஸின் நாடாவைத் தளர்த்தி விடுங்கள். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். கம்பளி கலந்தது இரண்டு சோடி வாங்கி, ஒன்றைப் பையில் வைத்திருந்து பாதி நேரத்தில் மாற்றுங்கள்.

கடைகளில் விற்கும் சூட்டுப் பொதிகளுக்குள் இருப்பது இரும்புத்தூள். அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது சூடாகிறது. இறுக்கமான பூட்ஸுக்குள் காற்று இல்லாமல் அணைந்துவிடும் என்பதால், கால்விரலுக்கென்றே விற்பதை வாங்கி, காலுறையின் வெளிப்புறத்தில் விரல்களின் மேல் ஒட்டுங்கள். வெறும் தோலில் வைக்கக் கூடாது.

விரல் எரிவதையும் வலிப்பதையும்விட, வலி நின்று உணர்வே இல்லாமற் போவதற்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். தோல் வெளிறி, மெழுகு போல இறுகியிருந்தால் அது உறைபனிக் காயத்தின் தொடக்கம். உடனே உள்ளே போங்கள். தேய்க்காதீர்கள், ஹீற்றரின் முன்னால் நீட்டாதீர்கள். 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான நீரில் காலை வைத்திருங்கள். உணர்வில்லாத கால் சூட்டை அறியாது என்பதால் நீரின் சூட்டை முழங்கையாலோ இன்னொருவரின் கையாலோ பாருங்கள். கொப்புளம் எழுந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மாலைக் கூலி போனால் போகட்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. கோயிலுக்கும் நூலகத்துக்கும் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவருக்கு மின்கலத்தால் சூடாகும் காலுறை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.
— வாசகி, மார்க்கம்

பதில்: அந்தக் காலுறையை வாங்க வேண்டாம், அம்மா. நீரிழிவு நீண்ட காலம் இருந்தவர்களில் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் மந்தமாகிவிடும். சூடு கூடினாலும் தெரியாது, குளிர் கூடினாலும் தெரியாது, காலுறைக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது. மற்றவர்களுக்கு இதமான சூடு அவருக்குத் தீக்காயமாகலாம். இரசாயனச் சூட்டுப் பொதியும் அப்படியே. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் சேர்ந்துகொள்வதால் ஏற்படும் புண் ஆறுவதற்கும் நாட்செல்லும்.

முதலில் அவருடைய குடும்ப மருத்துவரிடமோ பாத மருத்துவரிடமோ காட்டி, பாதத்தின் உணர்வையும் இரத்த ஓட்டத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணர்வு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், அகலமான முன்பகுதியும் உட்புறத்தில் தடித்த தையல் மடிப்புகள் இல்லாத மிருதுவான உள்ளுறையும் உள்ள பூட்ஸைத் தேர்ந்தெடுத்து, தட்டைப் பெடலோடு, குறுகிய தூரத்துக்கு, உறைநிலைக்குச் சற்றுக் கீழே வரையுள்ள நாட்களில் மட்டும் அவர் ஓடலாம். ரொறன்ரோப் பகுதியில் ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 3, 4 பாகைதான் என்பதால் அவருக்கு வெளியே போகக்கூடிய நாட்கள் நிறையவே இருக்கும். பூட்ஸை அணியும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதையும், திரும்பி வந்ததும் விரலிடுக்குகள் உட்பட இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்ப்பதையும் அவருடைய அன்றாடப் பழக்கமாக்குங்கள். கண் மங்கலாக இருந்தால் நீங்களே பாருங்கள். உணர்வு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், எந்தப் பூட்ஸும் அதற்கு ஈடாகாது. குளிர்காலம் முடியும் வரை காரில் கொண்டுபோய் விடுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். சித்திரையில் மறுபடியும் அவரே சைக்கிளை எடுப்பதற்கு இன்று கால் புண்படாமல் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: தோல் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஈரமானால் ஹீற்றருக்கு மேல்தான் வைக்கிறேன். வேறு வழி உண்டா?
— வாசகர், ஒட்டாவா

பதில்: அந்த வெள்ளைக் கோடு வீதிக்குப் போடும் உப்பு. அது தோலிலுள்ள எண்ணெய்த் தன்மையை இழுத்துவிடுகிறது. ஹீற்றரின் சூடு மிச்சத்தையும் போக்கி, அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் பசையையும் இளக்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்தவுடனே, உப்பு காயும் முன்னர், ஈரத்துணியால் துடையுங்கள். ஏற்கெனவே படிந்த கோட்டுக்கு வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து ஒற்றித் துடைத்து, பிறகு வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் தோலுக்குரிய மெழுகைத் தடவுங்கள்.

காய வைப்பதற்குப் பழைய பத்திரிகைத் தாளைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. இன்சோலை வெளியே எடுத்துத் தனியாகக் காய வையுங்கள், நாடாவை முழுவதும் தளர்த்தி வாயை அகலத் திறந்து விடுங்கள், தாளைக் கசக்கி நுனி வரை திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதியதைத் திணிக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். முதலாவது தாள் குடித்த தண்ணீர் காலை வரை பூட்ஸுக்குள்ளேயே இருந்தால் பயன் என்ன? படுக்கப் போகும் முன் மூன்றாவது முறை மாற்றினால், சூடில்லாத அறையிலும் விடியும்போது அணியக்கூடிய அளவுக்குக் காய்ந்திருக்கும்.